குஞ்சுகளுக்கு நான்கு வாரம்

மார்ச் 3, செவ்வாய்
சாவியை மறந்துவிட்டுப் போன மனைவி இருபது நிமிடம் அழைப்புமணி அடித்திருக்கிறாள். நான் கதவுக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.
“டிராயர்ல கைக்குட்டைக்கு நடுவுல கிடக்கிற காது மிஷினு யாருக்கு? உங்க கைக்குட்டைக்குக் காது கேக்கலையா?”
போன வருடம் ரத்தத்தில் கிருமி ஏறியபோது போட்ட ஊசி உயிரைக் காப்பாற்றியது. மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைக் கொண்டுபோய்விட்டது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடம் காதால் பிழைத்த நிருபன் மிஷினோடு போய் நிற்பதா?

மார்ச் 5, வியாழன்
கட்டுரைக்காகக் கோழிக்குஞ்சு ஆய்வகம் போனேன். இன்று காலைதான் குஞ்சுகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டேன். எனக்குப் போட்ட அதே மருந்து. தலை நிமிரவில்லை.
கூண்டில் நாற்பது குஞ்சுகள். வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
“ரொம்பக் கத்துதுங்க, மன்னிச்சுக்கோங்க சார்,” என்றார் ஆய்வாளர்.
“பரவாயில்லம்மா.”
அந்த மருந்தால், சத்தத்தைப் பிடிக்கும் மயிர்ச்செல்கள் உள்காதில் செத்துவிடுமாம். “ஆனா பக்கத்துல தாங்கிட்டு இருக்கிற செல்லு சும்மா இருக்காது சார். சிலது ரெண்டாப் பிரியும், சிலது தானே மயிர்ச்செல்லா மாறிடும். நாலு வாரத்துல பெரும்பாலும் காது திரும்பிடும்.”
“நமக்கு?”
“நமக்கு அது செத்த செல்லு விட்ட ஓட்டையை அடைச்சிட்டுச் சும்மா உக்காந்துடும்.”
“எத்தனை வருஷத்துல நமக்கும் வளர வைப்பீங்க?”
“தெரியாது சார்.”
குறிப்பேட்டில் ‘தெரியாது’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

மார்ச் 6
கோழிக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. என்ன நியாயம் இது?

மார்ச் 8, ஞாயிறு
கட்டுரையைக் கொடுத்தேன். “மனுஷனுக்கு எப்ப வரும்னு சொல்லாம விட்டா எப்படிங்க?” என்றார் ஆசிரியர். ‘பத்தாண்டுகளுக்குள்’ என்று சேர்த்தேன். அவர் காலம்தான் கேட்டார். பத்து என்றது நான். குறிப்பேட்டில் இல்லாத ஓர் எண்ணை இதுவரை எழுதியதில்லை.

மார்ச் 11
வெளியானது. ஆய்வாளரிடமிருந்து ஒரு வரி: “பத்து வருஷம்னு நான் சொன்னேனா சார்?” பதில் அனுப்பவில்லை.

மார்ச் 16, திங்கள்
அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். கையில் மடித்த பேப்பர். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம்.
“மிஷினைக் கழட்டி வச்சிட்டாரு. பத்து வருஷத்துல தானா வளந்துடும், அதுவரைக்கும் எதுக்கு இந்தச் சனியன்னு சொல்றாரு. நேத்து லாரி ஹாரன் கேக்காம ரோட்டுக்கு நடுவுல நின்னாரு.”
ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. செவிடரோடு வாழ்ந்து பழகியவள்: முகத்துக்கு நேரே, நிதானமாகப் பேசினாள். பேச்சை நிறுத்திவிட்டு என் கண்களைப் பார்த்தாள்.
“என் வாயையே பாக்குறீங்க. உங்களுக்கும் கேக்காதா?”
கண்ணை அவள் கையிலிருந்த பேப்பருக்கு மாற்றினேன்.
“அதனாலதான் அப்படி எழுதினீங்களா?”
அறையில் வேறு நான்கு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.
தப்பு. தப்புதான். ஆசை யாருடையது? என்னுடையது. ரோட்டில் நின்றது யார்?

மார்ச் 18
ஐந்தாம் பக்கத்தில் திருத்தம்: ‘எத்தனை ஆண்டுகள் என்பது ஆய்வாளர் சொன்னதல்ல, நிருபர் சேர்த்தது. “தெரியாது” என்பதே அவர் சொன்ன பதில்.’ “‘தவறுக்கு வருந்துகிறோம்’, அவ்வளவு போதாதாய்யா?” என்றார் ஆசிரியர். போதாது என்றேன். பேப்பரை நானே அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். காதில் எதுவும் இல்லை. பேப்பரை வாங்கி, பிரிக்காமல் மடிமேல் வைத்துக்கொண்டார்.

மார்ச் 23
டிராயரைத் திறந்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது. மனைவி புதிதை நீட்டினாள். எப்போதோ வாங்கி வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்
மன்னிப்புக் கேட்க, மிஷினை மாட்டிக்கொண்டு ஆய்வகம் போனேன். அதே நாற்பதும் இறகு முளைத்து நின்றன. சோதித்துப் பார்த்தாயிற்றாம், கேட்கிறதாம்.
“ரொம்பக் கத்துதுங்க, மன்னிச்சுக்கோங்க சார்.”
“ஆமாம்மா,” என்றேன். “காதைப் பிளக்குது.”