வெள்ளைத் தாளை வாசித்தவர்

21 பெப்ரவரி 2009, சனி

இன்றைக்கு மிசிசாகாவில் ஒரு சாமத்தியவீடு. என் கணவர், இவர்தான் அறிவிப்பாளர். வெளியே முழங்கால் அளவு பனி, வயசுக்கு வந்த பிள்ளை பல்லக்கில் வருகிறாள். "தூக்கிற நாலு பேரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்மார். விழுந்தாலும் கவலைப்படாதேங்கோ" என்றார் இவர். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். ஒரு மனிசி சோடாவைத் தன் பட்டுச் சேலையில் ஊற்றிக்கொண்டாள்.

அந்த வசனத்தை நான் செவ்வாய்க்கிழமை மல்வேர்ன் பஸ்ஸில், வேலைக்குப் போகும்போது எழுதினேன். நேர்சிங் ஹோம் லாண்டரியில் அன்று படுக்கை விரிப்பு குறைவு. மிச்சத்தை அங்கே முடித்தேன்.

இருபத்தாறு வருடமாக இப்படித்தான். 1983இல் ஊர்ச் சங்கக்கடை ஆண்டு விழாவுக்கு ஒரு பகிடி நாடகம் தேவைப்பட்டது. சச்சிதானந்தன் என்ற கிளாக்கருக்கு நடிக்க வரும், எழுத வராது. எனக்கு எழுத வரும், மேடையேற வீட்டில் விடமாட்டார்கள். "பொம்பிளை எழுதின பகிடி எண்டு தெரிஞ்சால் ஆரும் சிரியாயினம், தவமணி" என்றார். நானும் அது சரிதான் என்று நினைத்தேன். பிறகு எங்கள் இருவருக்கும் கலியாணம்.

இவர் பார்க்காத வேலை இல்லை. கோப்பை கழுவினார், பகிடிக் கசெற் போட்டார். சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்தினார் — பழக வந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஸ்ரொப் சைனில் நிற்க மறந்து பதினொரு பேர் பெயில். இன்சூரன்ஸ் விற்றார், சாவைப் பற்றி வாய் திறந்தாலே சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ரிவியில் மூன்று வாரம் சோதிடரும்கூட. நகைச்சுவை நடிகர், எழுத்தாளர், மூன்று நூல்களின் ஆசிரியர். மூன்றிலும் முன்னுரையின் கடைசி வரி ஒன்றுதான்: 'எழுதும்போது தேநீர் தந்துதவிய துணைவியாருக்கு நன்றி.' அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

என் தம்பி குலசிங்கம் கடைசியாகப் போன் எடுத்தது ஜனவரி ஒன்பதாம் தேதி, புதுக்குடியிருப்பிலிருந்து. சண்டைக்குத் தப்பி, சைக்கிள் கடையைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தானாம். "அக்கா, காத்தடிக்கிற பம்பை மட்டும் விட்டிட்டன்" என்றான். பிறகு சத்தமில்லை.

8 மார்ச், ஞாயிறு

வானொலியில் இவருடைய ஞாயிறு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். பொறுப்பாளர் கிறிஸ்துநாயகம் போன் எடுத்து, "இது சிரிக்கிற நேரமில்லை அண்ணை" என்றார். நியாயம். நானே நிறுத்தச் சொல்ல இருந்தேன். ஆனால் இவர் விழுந்து விழுந்து சிரிக்கும் தளபாடக் கடை விளம்பரம் மட்டும் மணிக்கு மூன்று தடவை போகிறது. அது ஒப்பந்தமாம்.

19 ஏப்ரல், ஞாயிறு

யூனிவர்சிட்டி அவெனியூவில் ஆர்ப்பாட்டம். இருவரும் போனோம். இவர் ஒரு பதாகையைத் தூக்கிக்கொண்டு, முகத்தை எவ்வளவோ இறுக்கிக்கொண்டுதான் நின்றார். இரண்டு பேர் வந்தார்கள். "சச்சி அண்ணை, ஒரு படம் எடுப்பமே? கொஞ்சம் சிரியுங்கோவன்." இவர் சிரித்தார். பழக்கதோஷம். பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள். ஒழுங்கமைப்பாளர் ஒருவர் வந்து, அண்ணை கொஞ்சம் பின்னுக்குப் போய் நின்றால் நல்லது, ரிவிக்காரர் வருகிறார்கள் என்றார்.

பின்னுக்குப் போய் நின்றோம். தம்பியின் படம் என் கைப்பையில் இருந்தது. நான் வெளியே எடுக்கவில்லை. எல்லோரும் தூக்கிப் பிடித்த படங்கள் செத்தவர்களுடையவை.

10 மே, ஞாயிறு

மகள் பிரதீபா ஆர்ப்பாட்டத்தில் நின்று போன் எடுத்தாள். "அம்மா, நாங்க ஹைவேக்கு மேல ஏறிட்டம். ஐ ஆம் ஓகே. ஹப்பி மதர்ஸ் டே."

18 மே, திங்கள்

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். இன்றைக்கு விக்ரோறியா ராணி லீவு. இருட்டியதும் பக்கத்துப் பூங்காவில் வாணவெடி. இவர் எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். நல்ல மனிசன்தான்.

தம்பி எங்கே?

30 மே, சனி

எங்கள் ஊர்க்காரரின் புளியங்காடு மக்கள் ஒன்றியத் தலைவர் இராஜரட்ணம் வந்தார். ஜூன் பதினாலில் நடக்க இருந்த 'சிரிப்பலை 2009' இனி 'கண்ணீர் மாலை 2009'. மண்டபம் அதே. சாப்பாடும் அதே, ஆட்டிறைச்சி மட்டும் நீக்கம். பிரதம விருந்தினரும் அதே ஆள்தான். சிரிப்பலைக்கென்று எழுதிவைத்த உரையில் நாலு சொல்லை மாற்றினால் போதும் என்று அவரே சொல்லிவிட்டாராம். ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன மற்ற ஒன்றியமும் அதே நாளில் கண்ணீர் மாலை வைக்கிறது. அங்கே சனம் கூடிவிட்டால் இராஜரட்ணத்துக்கு மானம் போய்விடும்.

"அண்ணையும் ஒரு நாலு நிமிஷம் பேசவேணும். சனத்துக்கு உங்களைத் தெரியும். நீங்கள் அழுதால் எல்லாரும் அழுவினம்" என்றார். தேநீரைக் குடித்துவிட்டு, வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, "உங்கட மச்சான் விஷயத்தைச் சேர்த்தியளெண்டால் இன்னும் நல்லது" என்றார்.

6 ஜூன், சனி

இன்றைக்குச் சண்டை.

"இஞ்சரும், அந்தப் பேச்சை எழுதித் தாருமன். நாள் கிடக்கு எண்டு இருக்காதையும்."

"என்னத்தை எழுத?"

"குலசிங்கத்தைப் பற்றித்தான். நல்ல பெடியன், சைக்கிள் கடை, பம்பை விட்டிட்டு வந்தது. அந்தப் பம்ப் நல்லா இருக்கும் தவம். அதிலை நிப்பாட்டினால் சனம் தாங்காது."

"அவன் செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"செத்தவன் எண்டு நான் சொல்லச் சொல்லேல்லையே. ஒரு மாதிரி எழுதும். செத்தது மாதிரியும் இருக்கவேணும், இல்லாத மாதிரியும் இருக்கவேணும்."

கையில் இருந்த கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தேன். சுவரெல்லாம் குழம்பு. என்ர தம்பி உங்களுக்கு நாலு நிமிசமோ? முகாம் முகாமா நான் பேர் குடுத்துத் தேடுறன், நீங்கள் அவனை மேடையில வைச்சுக் கொல்லப் பாக்கிறியளோ? — இதெல்லாம் நான் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். அங்கே "சரி, தாறன்" என்றுதான் சொன்னேன். இருபத்தாறு வருடமாக என் வாயிலிருந்து வருவது அதுதான்.

13 ஜூன், சனி

எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை. 'குலசிங்கம் இருந்தான்' என்று எழுதி, வெட்டி, 'இருக்கிறான்' என்று எழுதினேன். இருக்கிறான் என்றால் கண்ணீர் மாலையில் அவனுக்கு என்ன வேலை? இருந்தான் என்று என் கையால் எழுதினால், நானே முடித்துவைத்தது மாதிரி.

முடியாது. என்னால் முடியாது.

ஒரு வெள்ளைத் தாளை நாலாக மடித்து, வழமையான உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். இவர் முன்கூட்டி வாசிப்பதில்லை. மேடையில் முதல் தடவை வாசித்தால்தான் வசனம் புதிதாக வருமாம். உறையை வாங்கி நிறை பார்ப்பதுபோல் கையில் தட்டி, "சின்னனாத்தான் இருக்கு. நல்லது" என்றார்.

நாளைக்கு என்ன நடக்கும்? நடக்கட்டும்.

14 ஜூன், ஞாயிறு

நான் மூன்றாவது வரிசை. பிரதம விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். ஒரு தடவை வாய் தவறி, இந்த இனிய மாலைப் பொழுதில் என்றார். பிறகு இவரை அழைத்தார்கள். கறுப்புக் கோட்டு, கையில் உறை. உடைத்தார், விரித்தார். தாளைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் பார்வையை எடுக்கவில்லை.

இவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒலிவாங்கியைப் பிடித்தார், விட்டார். வியர்த்தது. நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். சனம் கண்ணைத் துடைக்கிறார் என்று நினைத்துவிட்டது. முன்வரிசையில் ஒரு அன்ரி விம்மினார். அது இரண்டாம் வரிசைக்குப் போய், பிறகு மண்டபம் முழுக்கப் போனது. நாலு நிமிடம். தாளை மடித்துக்கொண்டு இறங்கினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இராஜரட்ணம் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

காரில் திரும்பினோம். மோர்னிங்சைட் சந்தியில் சிவப்பு விளக்கு. "எனக்கு ஒரு சொல்லும் வரேல்லை தவம்" என்றார். "ஒண்டுகூட இல்லை. உள்ளுக்கை தேடிப் பாத்தன்."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

18 ஜூன், வியாழன்

பத்திரிகையில் அரைப் பக்கம். 'சொல்லாமல் சொன்ன சச்சி! முப்பதாண்டுக் கலைப்பயணத்தின் உச்சம்.' படத்தில் கைக்குட்டை தெளிவாக விழுந்திருக்கிறது.

மூன்று சங்கங்கள் போன் எடுத்துவிட்டன. மிசிசாகாக்காரர், "அதே மௌனம்தான் வேணும் அண்ணை. எங்களுக்கு நிகழ்ச்சியள் அதிகம், ஒரு நிமிஷம் குறைச்சுச் செய்யுங்கோ" என்றாராம். இவர் மறுப்பார் என்று நினைத்தேன். ஓம் என்றுவிட்டார்.

28 ஜூன், ஞாயிறு

மிசிசாகா. இந்தத் தடவை கைக்குட்டையைச் சரியான இடத்தில் எடுத்தார். இரண்டாவது நிமிடத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார். அதை நான் மட்டும்தான் கண்டேன்.

8 ஜூலை, புதன்

செட்டிகுளம் முகாமிலிருந்து போன் வந்தது. யாருடையதோ போன், இரண்டு நிமிடம்தான். தம்பியின் மனைவி யோகராணி. அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள். தம்பி மே பதின்மூன்றாம் தேதி, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். அவளே கிடங்கு வெட்டியிருக்கிறாள். "மச்சாள், மூட ஒரு சேலை இருந்தது" என்றாள். அதைத்தான் இரண்டு தடவை சொன்னாள்.

அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது என்று நான் சண்டை பிடித்த அன்று, அவன் போய் இருபத்துநாலு நாள்.

ஐயோ தம்பி. நான் உன்ர பேரில ஒரு வரிகூட எழுதேல்லையடா.

9 ஜூலை, வியாழன்

இவர் அழுகிறார். கைக்குட்டை இல்லாமல், மூக்கு ஒழுக, அசிங்கமாக. பக்கத்தில் இருந்தேன்.

மத்தியானம் சொன்னார்: "மரண அறிவித்தலை நீர் எழுதித் தாரும். ஞாயிற்றுக்கிழமை வானொலியில நான் வாசிக்கிறன்."

"எழுதுறன். வாசிக்கிறதும் நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். "சத்தம் நடுங்கினால் தண்ணி குடியும்" என்றார். அது அவர் எனக்குச் சொன்ன முதல் தொழில் புத்தி.

12 ஜூலை, ஞாயிறு

கிறிஸ்துநாயகம் தாளை வாங்கிப் பார்த்தார். "அக்கா, பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் எல்லாம் சரி. இந்தக் கீழ்ப் பந்தியை எடுத்துவிடுவமே? மரண அறிவித்தலில இப்பிடி வாறேல்லை." எடுக்கமாட்டேன் என்றேன்.

அந்தப் பந்தி:

'அன்னார் பகிடி சொல்லத் தெரியாதவர். முடிவு வருமுன் தானே சிரித்துவிடுவார். ஊரில் அரைவாசிச் சைக்கிள்களுக்குக் காசு வாங்காமல் காற்றடித்தவர். அவரைத் தண்ணீர்க் குடத்தோடு மண்ணுக்குள் விட்டுவந்திருக்கிறோம். வேறெந்த மேடைக்கும் அவரை நாங்கள் கொடுக்கவில்லை.'

வாசித்தேன். நடுங்கியது. தண்ணீர் குடித்தேன். முடித்தேன்.

நேயர் அழைப்பு தொடங்கியதும் கிறிஸ்துநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சச்சி அண்ணையின்ர எழுத்தெண்டால் சும்மாவோ. அக்கா வாசிச்சாலும் அண்ணையின்ர கை தெரியுது" என்றார்.

எனக்குப் பின்னால் நாற்காலி இழுபட்டது. இவர் எழுந்து வந்து என் ஒலிவாங்கிக்குக் குனிந்தார். "உது நான் எழுதேல்லை. அவ எழுதினது. இருபத்தாறு வருஷமா நான் மேடையில சொன்னது, வானொலியில சொன்னது, மூண்டு புத்தகம், எல்லாம் அவ எழுதினது. நான் தேத்தண்ணிகூடப் போட்டுக் குடுக்கேல்லை."

பிறகு கிறிஸ்துநாயகம் சிரித்தார், மேசையில் அடித்துச் சிரித்தார். கண்ணாடிக்கு அப்பால் நின்றவர்களும் சிரித்தார்கள். அடுத்த ஐந்து அழைப்பும் அதைப் பற்றித்தான். ஒரு ஐயா மூச்சு வாங்க, "அண்ணை, இவ்வளவு துக்கத்துக்குள்ளையும் எங்களைச் சிரிக்க வைச்சிட்டியள். உங்களை அடிக்க ஆளில்லை" என்றார்.

நான் எழுதிக் கொடுக்காமல் இவர் ஒலிவாங்கியில் சொன்ன முதல் வசனம் அது. சனம் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் இவர் காரை எடுக்கவில்லை. ஸ்ரியரிங்கை அடித்தார். "என்னத்துக்குச் சிரிக்கிறாங்கள்? இதில என்ன பகிடி கிடக்கு?" முகம் சிவந்துபோயிருந்தது. சனம் சிரித்ததற்கு இந்த மனிசன் கோபப்பட்டு நான் பார்த்தது இன்றைக்குத்தான். வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

19 ஜூலை, ஞாயிறு

பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி: 'மனைவிக்கு மகுடம் சூட்டிய சச்சியின் சரவெடி!' அதற்கு மறுப்பு எழுதப்போகிறேன் என்று காலை ஒன்பது மணிக்கு என் மேசையில், என் பேனாவோடு இருந்தார். வந்த அழைப்புக்கெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார். இராஜரட்ணத்துக்கும் அதேதான்.

பதினொன்றரைக்கு எட்டிப் பார்த்தேன். பத்துத் தாள் கசங்கிக் கிடந்தது. கடைசித் தாளில் ஒரேயொரு வரி: 'நான் சொன்னது உண்மை.'

"தவம், இதுக்குப் பிறகு என்ன வரும்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.