சர்தார் பாஷா கொடுத்த காகிதம்

ஆம்பூர்
17-6-1929

ரங்கூனில் இருக்கும் என் கணவர் அவர்களுக்கு தேவகி அநேக நமஸ்காரம்.

நானும் குழந்தை பூவம்மாளும் சௌக்கியம். உங்கள் இருமல் தேவலையா? எப்போதும் போஸ்ட்மேனிடம் சொல்லித்தான் கடிதம் எழுத வைப்பேன். இதில் உள்ளது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்க வேண்டாம்.

ஒரு வீடு அமையட்டும், அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போய் நாலு வருஷமாகிறது. வீடு அமைந்ததைப் போன கடிதத்தில் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். ரயில்வே கேட்டுக்கு மேற்கே, தோல் கிடங்கு நாற்றம் எட்டாத இடம். நீங்கள் அனுப்பியதெல்லாம் சேர்த்தும் பாதி விலைதான் தேறியது. மீதிக்குத் தரகர் சர்தார் பாஷாவைப் பிடித்தேன். மனிதர் குடையாலேயே வீட்டை அளந்தார். மூன்றாம் நாள் வாணியம்பாடி ஹலீமா பீயை அழைத்து வந்துவிட்டார். மீதிப் பணத்தை அந்த அம்மாள் தருவார்கள், வட்டி வாங்க மாட்டார்களாம். அதற்குப் பதிலாக முன்கட்டில் அவர்கள் குடியிருப்பார்கள், பின்கட்டில் நாம். ஐந்து வருஷத்துக்குள் அசலைத் திருப்பினால் முழு வீடும் நமக்கு. இதைப் போக்கியம் என்கிறார்கள்.

வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு. உன் வீட்டுக்காரர் எவ்வளவு உயரம் என்று சர்தார் பாஷா கேட்டார். நிலையருகே போய்க் கையை உயர்த்திக் காட்டினேன். காட்டிய பிறகு சந்தேகம் வந்துவிட்டது. சற்று ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். அவர் குடையை விரித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

பிறகுதான் உங்கள் பதில் வந்தது. ரொம்ப சந்தோஷம், அசலை அடைக்கும் வரை இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஐந்து வருஷமா? உங்களை வரவழைக்கத்தான் வீடு தேடி அலைந்தேன். அந்த வீடே உங்களை அங்கே நிறுத்திவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீடு உங்கள் பேரில் என்பதால் போக்கியப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். நேற்று சர்தார் பாஷா ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்தார். "இன்னாத்துக்கும்மா அவரு கப்பல் செலவு பண்ணி வரணும்? இத்த அனுப்பு. அங்கயே ரிஜிஸ்தர் பண்ணி அனுப்பிட்டா, அவரு அண்ணன் இங்க கையெழுத்துப் போட்டுடுவாரு" என்றார். இந்தக் கடிதத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லித் தபால் தலையும் கொடுத்தார். பாவம், நல்ல மனிதர்.

நான் வைக்கவில்லை. அந்தக் காகிதம் பெட்டியில் உங்கள் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. அனுப்பிவிட்டதாக நாளை அவரிடம் பொய் சொல்லப் போகிறேன். வீட்டை விற்கிறவர் ஆவணி பத்து வரை காத்திருப்பார். நீங்களே வந்து கையெழுத்துப் போட்டால் வீடு. இல்லாவிட்டால் போகட்டும். உங்களுக்கு மறுபடி வேலை தர, தோல் கிடங்கு ரத்தினசாமி மேஸ்திரி இன்றைக்கும் தயார். எனக்கும் அங்கே தோல் பதனிடும் பட்டை இடிக்கத் தெரியும். இரண்டு பேருமாக அசலை அடைப்போம்.

பூவம்மாளிடம் உங்கள் போட்டோவைக் காட்டி இது யார் என்று கேட்டால், ரங்கூன் என்கிறாள்.

கடல் அமைதியாக இருக்க, பள்ளிகொண்டா பெருமாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். என்மேல் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டுங்கள். வாசல் நிலை தாழ்வு, குனிந்து வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
தேவகி