புயல் என்று சொல்லவில்லை

நவம்பர் 24
தரம் ஏழில் இன்று புதுச் சொல்: சைக்ளோன். கடலில் பிறந்து சுழன்று வீசும் புயல் என்றேன். அமெரிக்கப் பக்கம் அடித்தால் ஹரிகேன், ஜப்பான் பக்கம் டைபூன். காற்று ஒன்றுதான், பெயர் வேறு. "மலைக்கு வருமா டீச்சர்?" என்றாள் சர்மிளா. காற்று குறைந்துவிடும், மழை வரும் என்றேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் என் அறைக்கு வந்து ஒருத்திக்கு மட்டும் சமைத்தேன்.

நவம்பர் 25
மழை. அம்மா இறந்தபின் என் ஊர் கினிகத்தேனையிலிருந்து ஃபோன் வருவதே இல்லை.

நவம்பர் 26
ஃபோனில் எச்சரிக்கை, ஆங்கிலத்தில். பக்கத்து வீட்டு வீரய்யாவிடம் காட்டினேன். அவரும் மனைவி அழகுமுத்து அக்காவும் என்னைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள், அவ்வளவுதான் பழக்கம்.
"சைக்ளோன்னா என்னங்க டீச்சர்?"
"புயல்."
"அது கடக்கரைக்காரவங்களுக்குங்க. நமக்கு எங்க புயல்?"
ஃபோனை எடுத்துக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 27
மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. கை நுழைகிறது. சைக்ளோன், புயல் — எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். "மலை இறங்கப் போகுது, ஸ்கூலுக்கு வந்துருங்க."
எல்லோரும் கிளம்பினார்கள். முதலில் கிளம்பியவர் வீரய்யா.

நவம்பர் 28
காலையில் வீரய்யா லயத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம். லயம் இருந்த இடத்தில் செம்மண்தான் கிடக்கிறது.
மாடு மேட்டில் நிற்கிறது. கழுத்தில் கயிறு இல்லை.

நவம்பர் 30
மண்ணிலிருந்து அவர் உடலை எடுத்துவிட்டார்கள். அக்கா பள்ளிக்கூடச் சுவரோரம் உட்கார்ந்தே இருக்கிறார்.
என் மனசுக்குள் ஓடுவது இதுதான்: நான் சொன்னதை நம்பினாரு. நம்பினதாலதானே மாட்டை நெனைச்சாரு? நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா — எல்லாருமே உள்ள இருந்திருப்பாங்க. தெரியுது. தெரிஞ்சும் சோறு எறங்கல.

டிசம்பர் 2
அக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். "ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

டிசம்பர் 6
நிவாரண முகாமில் அறை பிரித்துக் கொடுக்க அதிகாரி வந்தார். என் முறை வந்ததும், "தனி ஆளா?" என்று கேட்டார்.
ஆமாம் என்று சொல்லப்போனேன். பின்னாலிருந்து அக்கா முந்திக்கொண்டார்.
"இல்லைங்க மாத்தயா. நாங்க ரெண்டு பேரு."