இரண்டு ஈயச் சொம்புகள்

லவால், மாண்ட்ரியல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபிகா எழுதுகிறேன். நீயும் அப்பாவும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் மாப்பிள்ளை ஹரியும் நலம். வயிற்றில் இருப்பதைப் பற்றி மட்டும் அப்படிச் சட்டென்று எழுத வரவில்லை.

நேற்று போனைப் பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். அண்ணிக்கு இனி ஈயச் சொம்பில் ரசம் வைக்காதே.

என் ரத்தத்தில் காரீயம் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் சுகாதாரத் துறை நர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஜன்னல் பெயின்ட், கண்மை, குங்குமம் என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தாள். வந்தவளை வெறுமனே அனுப்பலாமா என்று நான் ஒரு தம்ளர் ரசம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, எதில் வைத்தாய் என்று கேட்டாள். பெருமையாகச் சொம்பைத் தூக்கிக் காட்டினேன். தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாள். சோதித்ததில், வெள்ளீயம் என்று நமக்கு விற்றதில் காரீயம் கலந்திருக்கிறது. புளி பட்டால் கரைந்து இறங்குமாம். மசக்கையில் எனக்கு ரசம் ஒன்றுதான் வயிற்றில் தங்கியது, உனக்குத் தெரியும்.

குழந்தைக்கு ஊனம் வருமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "கை, கால், இதயம் எல்லாம் ஸ்கேனில் நன்றாகத் தெரிகிறது. மூளை எப்படி வளரும் என்று ஸ்கேன் சொல்லாது" என்றார். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் கொடுத்திருக்கிறார். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உதைத்தால் பயம், உதைக்காவிட்டாலும் பயம்.

மகளுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று பேதம் பார்க்காமல் இரண்டு சொம்பையும் ஒரே கடையில் வாங்கினாய். உன் ஆசையை யாரும் குறை சொல்லவில்லை. கலந்து விற்றவன்மேல்தான் எனக்கு ஆத்திரம். ஆனால் கனடா போனவளுக்குத் தொட்டதெல்லாம் பயம் என்று அண்ணியிடம் சொன்னாயாமே. அவளுக்கு இப்போதுதான் மூன்றாம் மாதம். உன் மனம் நோகக்கூடாது என்று நீட்டியதையெல்லாம் குடித்துவிடுவாள்.

பிரசவத்துக்கு முன்பே நீ வந்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் இருந்தேன். இப்போது வேண்டாம். முதலில் அவளை அழைத்துப் போய் ரத்தத்தைச் சோதித்துவிடு.

என் பிள்ளைக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள் அம்மா. அண்ணி பிள்ளைக்கு வேண்டுதலோடு நிறுத்திவிடாதே.

உன் மகள்,
கோபிகா