டிவி மேல் கிடந்த சேலை

12.4.1987, ஞாயிறு

இன்று மாலை டிவி சூடேறிவிட்டது.

என் மனைவி சரோஜா இறந்த அன்று, சாவு வீட்டில் டிவி ஓடக் கூடாது என்று என் அக்கா சரோஜாவின் நூல் சேலை ஒன்றைப் போட்டு அதை மூடினாள். முப்பதாம் நாள் காரியம் போன வாரமே முடிந்தது. சேலையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இன்று எதிர் வீட்டு நூர்ஜஹான் பிள்ளைகளோடு படம் பார்க்க வந்தபோதும், முன்பக்கத்தை மட்டும் திரை போலத் தூக்கி மேலே போட்டுவிட்டு டிவியைப் போட்டேன். மேலேயும் பின்னாலும் உள்ள காற்றுத் துளைகள் மூடியபடியே கிடந்தன. வகுப்பில் என் மாணவர்களுக்குச் சொல்வதானால், காய்ச்சல்காரனைக் கம்பளியில் சுற்றி வெயிலில் உட்கார வைத்த மாதிரி.

பாதிப் படத்தில் கருகும் வாடை வந்தது.

"சார், பொட்டி கொதிக்குதுங்க. படம் பாக்க வந்து வூட்டக் கொளுத்திட்டுப் போனோம்னு ஆயிடப் போவுது" என்றாள் நூர்ஜஹான்.

அணைத்தேன். "கொஞ்சம் ஆறட்டும்மா."

"சீலை கெடந்தா எங்கிருந்துங்க ஆறும்? நான் எடுக்கட்டுங்களா?"

கேட்டாளே தவிர, அவள் தொடவில்லை. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானே எடுத்தேன். சேலை வெதுவெதுப்பாக இருந்தது, சரோஜா அப்போதுதான் அவிழ்த்துப் போட்டதைப் போல. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

சிறிது நேரம் ஆறவிட்டு மறுபடி டிவியைப் போட்டதும் படம் தெளிவாக வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சேலை என் மடியில் இருந்தது. படம் முடிவதற்குள் அதுவும் ஆறிப்போயிற்று.