ஓவசியருக்கும் துடக்கா?

இஞ்சாருங்கோ என்றால் திரும்பிப் பார்த்தவருக்கு,

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். புருஷனுக்கு அழாதவள் ஒரு பச்சோந்திக்கு அழுகிறாள் என்று உங்கள் தங்கை பூரணம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் பச்சோந்திக்கு அழவில்லை. உங்களுக்கு அழுதேனா இல்லையா என்பது பூரணம் பார்க்கக்கூடிய இடத்தில் நடந்த காரியம் அல்ல.

அடுத்த மாதம் உங்கள் முதலாம் வருஷத்து ஆட்டைத் திவசம். நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். எனக்கும் ஒரு பக்கம் என்றான் மகன். எழுதிக் கொடுத்தேன். கொழும்பிலிருந்து போன் பண்ணினான்.

“அம்மா, இதைப் போடேலாது. ஆக்கள் வாசிக்கிறதெல்லோ?”

“ஆக்கள் வாசிக்கத்தான் எழுதினனான்.”

மலரில் இடமில்லையாம். அதனால் கடையில் கொடுத்துப் போட்டோக்கொப்பி எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் கேட்கும்போது அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் பச்சோந்தி ஓவசியர் கிழவனாகிவிட்டார். மன்னார்ப் பக்கம் ரோட்டில் கால் நசுங்கிக் கிடந்ததை உங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தீர்களே, அந்தப் பெட்டியை நான் பிறகு பாவிக்கவே இல்லை. ஒரு கண் கூலியாட்கள் மேலும் மறு கண் மணிக்கூட்டின் மேலும் இருந்த ஒரு ஓவசியர் உங்கள் கந்தோரில் வேலை செய்தாராம். அவர் நினைவாக இதற்குப் பெயர் வைத்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இருந்த காலத்தில் அதை நான் ஒரு தரமாவது தொட்டதும் இல்லை.

இப்போது தொடுகிறேன். அதன் நாக்கு முன்போல எட்டுவதில்லை. நீட்டினால் பாதி வழியில் தொங்கிப்போகிறது, திரும்ப உள்ளே இழுக்கப் பெரும்பாடு படுகிறது. இடது கண் குழிந்துவிட்டது. பச்சை நிறம் போய், அலுமாரிக்கு விரித்த பழைய பேப்பரின் நிறத்தில் இருக்கிறது. கால் பிடிமானம் இல்லாததால் அது இருக்கும் கொய்யாக் கொப்பில் உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன். அண்ணாவின் வேட்டியைக் கிழித்தாள் என்பதும் இப்போது ஊர்க்கதை. கிழித்தது உண்மைதான். அதைத் திருத்த வேண்டியதில்லை.

காலையில் பின்வளவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டுக்கிளி பிடிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்க்கிறாள். பார்க்கட்டும். நான் படித்த கொன்வென்ட்டில் தையல் பிழைத்தால் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைக்க வைப்பார்கள். அந்தப் பொறுமை கடைசியில் இதற்குத்தான் உதவுகிறது. சாமணத்தால் பூச்சியைப் பிடித்து அதன் வாயோரம் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் வாயை மூடிக்கொள்ளும். உங்கள் குணம்.

இந்தத் தளர்ச்சிக்கு வயது ஒன்றே காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் கண் மூடிய வாரம் என்ன நடந்தது தெரியுமா?

என்னை முன்னறையில் கதிரை போட்டு இருத்திவிட்டார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் முகம் காட்ட வேண்டுமே. “ஓவசியரை நான் பாக்கிறன் மச்சாள், நீங்கள் அசையாதேங்கோ” என்றாள் பூரணம். நம்பினேன். எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று காலையில் கொப்பிலிருந்து அது நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். கூட்டுக்குள் ஒரு சோசரில் அவித்த பூசணிக்காய். பக்கத்தில் ஒரு துண்டு கதலி வாழைப்பழம், கறுத்துப்போய்.

“இது என்ன பூரணம்?”

“மச்சாள், இது செத்த வீடு. முப்பத்தொண்டு முடியும்மட்டும் இஞ்சை ஒரு உயிரைக் கொல்லப்படாது. நாங்கள் எல்லாரும் மரக்கறிதானே? அதுவும் ஒரு மாசம் சைவமாய் இருக்கட்டும்.”

“அது பூச்சி தின்னுற பிராணி.”

“அண்ணா வளத்ததுதானே? அப்ப அதுக்கும் துடக்குத்தான்.”

பச்சோந்திக்கும் சாவுத் தீட்டு என்பதற்குக் கூட இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். சிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் குசினிக்குப் போனேன், ஒரு கரப்பானைப் போத்தலில் பிடித்தேன், ஓவசியரைக் கொப்போடு முன்னறைக்குக் கொண்டுவந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து அதன் வாயில் தீத்தினேன். பூரணம் உங்களுக்குக்கூட அப்படிக் கத்திக் குளறவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்தக் கதை எல்லாம். அந்த விழுகைக்குப் பிறகு அதன் கால்கள் சரிவரவில்லை.

பேராதனையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். கம்பளைப் பக்கத்துப் பிள்ளை, மரியாதையாகப் பேசினாள். “அம்மா, இனி மருந்துன்னு ஒண்ணும் இல்லைங்க. சூடா வச்சிருங்க. காலையில கொஞ்சம் வெயில் காட்டுங்க. இடம் மாத்தினீங்கன்னா தாங்காது.” வளர்த்த உங்களை அது தேடுமா என்று கேட்டேன். “இது ஆளை நினைக்கிற பிராணி இல்லைங்கம்மா.”

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இந்த வீட்டில் என்னிடம் துக்கத்தை எதிர்பார்க்காத சீவன் அது ஒன்றுதான்.

நம் வீட்டில் காலை வெயில் விழுவது முன்னறை யன்னலில் மட்டும். திவசத்துக்கு ஐயர் இருப்பதும் அங்கேதான். போன ஞாயிற்றுக்கிழமை பூரணம் நம் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து முடிவாகச் சொன்னாள்.

“ஐயர் வாற வீட்டில இது இருக்கப்படாது. உடவத்தைக் காட்டில கொண்டுபோய் விடுவம் மச்சாள். அண்ணாவின்ர பேரில ஒரு சீவனை விடுதலை செய்தால் அவருக்குப் புண்ணியம்.”

“இந்த மழையில, ஒரு கண் தெரியாததையோ? புண்ணியம் அவருக்கோ, காகத்துக்கோ?”

“அம்மா, ஒரு ஓணானுக்காகச் சொந்தத்தைப் பகைக்கிறதே?” என்றான் மகன்.

“ஓணான் இல்லை, பச்சோந்தி. அப்பாவோடை இவ்வளவு காலம் இருந்தும் உனக்கு வித்தியாசம் தெரியாதோ?”

அது இல்லாமல் போனால்தான் வருவோம், இல்லாவிட்டால் திவசத்தைக் கட்டுகஸ்தோட்டையில் பூரணம் வீட்டில் வைத்துச் செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்கவும் இல்லை.

நான் ஏன் விட்டுக் கொடுக்கவில்லை? அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கண் விழித்தபோது கட்டிலருகே நான்தான் இருந்தேன். உங்கள் கையைப் பிடித்திருந்தேன். உதடு அசைந்தது, குனிந்தேன். “ஓவசியருக்குத் தண்ணி தெளிச்சதோ?” என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

நீ சாப்பிட்டியோ என்று கேட்டிருக்கலாமே? தனிய எப்படி இருக்கப்போகிறாய் என்று? நான் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உங்கள் சட்டைக்குப் பொத்தான் தைத்து, உங்கள் தாயைக் கடைசிவரை பார்த்து, உங்கள் தங்கைக்குக் கலியாணம் ஒப்பேற்றி வைத்தவளுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லையா? இந்த ஒரு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யன்னலில் இருப்பது ஒரு கண்ணால் என்னையும் குழிந்த கண்ணால் எதையோவும் பார்க்கிறது.

ஆனால் அந்தத் தண்ணியைப் பற்றி நீங்கள் கேட்டது என்னிடம். பூரணத்திடம் இல்லை, மகனிடமும் இல்லை. நீங்கள் என்னிடம் விட்டுப்போன கடைசி வார்த்தை அதுதான், எனக்குப் பிடிக்காவிட்டாலும் அது என்னுடையது. அதை உடவத்தைக் காட்டில் கொண்டுபோய் விட முடியாது.

ஆகவே சொல்கிறேன். திவசம் நீங்கள் இருந்த வீட்டில், முன்னறையில் நடக்கும். உயிரோடிருந்தால் ஓவசியர் யன்னலோரம் இருப்பார். காலையில் அது நக்கிக் குடிக்க இலைகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உங்களுக்கு விளக்கேற்றுவேன். அது தானாகச் சாகும்வரை என் கையால் தீத்துவேன். செத்தால் நாய் கிளறாத ஆழத்தில் புதைப்பேன். ஒருவர் வந்தாலும் சரி, ஒருவரும் வராவிட்டாலும் சரி, படையலில் ஒரு கறி குறையாது.

தெளித்தாயிற்று. இன்றைக்கும்.

உங்கள் மனைவி,
உங்கள் பிள்ளையின் தாய்,
பூரணத்தின் மச்சாள்.

பிரதி கிடைத்தவர்களுக்கு: சமைக்க வேண்டிய அளவு எனக்குத் தெரிய வேண்டும். திவசத்துக்கு வருவீர்களா, மாட்டீர்களா என்பதைக் கையொப்பமிட்டு எழுதி அனுப்பவும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.