நாற்பத்து மூன்றாவது முயற்சி

உன் லெப்டொப்பைத் திறந்ததும் தைலம் மணந்தது. எழுத்துக் கட்டைகளுக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வலது பக்கத்து நாலு எழுத்துகளில்தான் அதிகம். நெற்றியில் தைலம் தேய்த்த அதே விரல்களால் நீ அவற்றைத் தட்டிக்கொண்டிருந்தாய். ஐந்து வாரம் பைக்குள் மூடிக் கிடந்தும் அந்த மணம் போகவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

இன்று பின்னேரம் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து இதைத் தந்துவிட்டுப் போனார். கதிரையில்கூட உட்காரவில்லை.

"மகள், ஒனக்குத்தான் அவ பாஸ்வேர்ட் தெரியும். தொறந்து வைம்மா. போட்டோ இருக்கும், அவ பேசுனது ஏதாவது இருக்கும். நாளைக்கு வேல முடிஞ்சு வந்து எடுத்துக்கிறேன்."

நான் தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது என் அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறார். நான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில், விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது பார்த்தால் என்னாகும் என்று, அம்மா புரளும்போதெல்லாம் போனை அணைக்கிறேன். நீ செத்துப்போனதால் உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லாக் கேள்வியும் எனக்குத்தான்.

கேள்வி வருவதற்கு முன் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

இந்த லெப்டொப் விளையாட்டை ஆரம்பித்தவள் நீ. டோஹாவிலிருந்து உன் அப்பா லெப்டொப் அனுப்பிய வாரமே, "ரொக்கெட் கட்டலாம் வாடி" என்று என்னை இழுத்துப் போனாய். மேலே ஏற்றக் கற்றுக்கொண்டோம். பூமியைச் சுற்ற வைத்தோம். அதோடு விட்டிருக்கலாம். உனக்கு அது போதவில்லை. நீ கட்டிய விண்கலமும் நான் கட்டிய விண்கலமும் மேலே போய் ஒன்றோடொன்று மூக்கு வைத்துப் பொருந்த வேண்டும் என்றாய்.

முதல் மாதம் கிட்டவே போக முடியவில்லை. முன்னால் போகிற கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுவோம். கூட்டக் கூட்ட நாம் உயரத்துக்கு ஏறிப் பின்தங்கிவிடுவோம். வேகத்தைக் குறைத்தால்தான் கீழே இறங்கி அதை எட்டலாம் என்று கண்டுபிடிக்க நமக்குப் பதினேழு முயற்சி போனது. ஒவ்வொன்றையும் நீ நம்பர் போட்டு ஒரு கோப்பில் எழுதி வைத்தாய். "நாசமாப் போன முயற்சிகள்" என்று அதற்குப் பெயரும் வைத்தாய்.

லெப்டொப் ஒன்று, ஆள் இரண்டு. அதனால் கட்டைகளைப் பிரித்துக்கொண்டோம். மேலே, கீழே, இடம், வலம் உனக்கு. முன்னே, பின்னே எனக்கு. கட்டிலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவோம். நீ குண்டசாலை பஸ் கண்டக்டர் மாதிரிச் சிங்களத்தில் கத்துவாய். "இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட" என்றால் நான் முன்னே தள்ள வேண்டும். "பஸ்ஸட" என்றால் பின்னே. "ஹரி, ஹரி" என்று கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் கையை எடுத்துவிட வேண்டும். பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது கண்டக்டர் தகரத்தில் தட்டுவாரே, அதே தட்டு.

"ஒரு தட்டுத் தட்டுன்னா ஒரு தட்டுத்தான். ஏன்டி மாவு பெசையிற மாதிரி அமுக்குற?"

"நீதான்டி கோணலா கொண்டு வந்து வச்சிருக்க!"

"டிரைவருக்கு லைசன்ஸ் இல்ல, பேச்சு மட்டும் இருக்கு."

கலங்கள் முட்டின. விலகின. திரும்ப முட்டின. பூட்டிக்கொள்ளவே இல்லை. இரண்டு கிழமை முழுக்க என் கையைத்தான் குறை சொன்னாய். ஒரு நாள் உங்கள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உனக்கு அது தெரியாது. பிறகு ஒரு பௌர்ணமிப் போயா லீவில் நான்தான் கண்டுபிடித்தேன். பொருத்துகிற வளையத்தில் பெரியது, சின்னது என்று இரண்டு அளவு இருந்தது. உன் கலத்தில் நீ பெரியதை வைத்திருந்தாய். என்னுடையது சின்னது. உலகம் அழியும்வரை முட்டினாலும் அவை பூட்டாது.

"பெருசுதான் பாக்க கெத்தா இருந்துச்சு," என்றாய், வாய் நிறைய முறுக்கோடு. மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

ஆனால் அது சின்னக் கோபம். பெரியதுக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத் தவணை லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை நான் வந்தபோது நீ போர்வைக்குள் சுருண்டிருந்தாய். முகம் சிவந்து, கண் பின்னால் வலிக்கிறது என்றாய். கையைத் தொட்டேன், கொதித்தது.

"அம்மாட்ட சொல்லாத. திங்கக்கெழம ஸ்கூல் தொடங்குனா லெப்டொப் அலுமாரிக்குள்ள போயிரும். பரீட்சையாம், இந்தத் தவண முடியும் வரைக்கும் தர மாட்டாங்க. இன்னும் ரெண்டு நாள்டி. ஒங்க வீட்ல காய்ச்ச குளிச இருக்கில்ல?"

இருந்தது. எங்கள் அலுமாரி மேல்தட்டில், அம்மாவின் வளையல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை. கொண்டுவந்தேன். அன்று பின்னேரம் உன் அம்மா வேலையால் வந்து, "ஏன் மொகம் வாடிக் கெடக்கு?" என்று உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். குளிசை வேலை செய்துகொண்டிருந்தது. நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. "வெயில்ல சுத்தாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் குளிசை கொண்டு வந்தேன். அன்றும் உன் அம்மா தொட்டுப் பார்த்தார். அன்றும் சூடு இல்லை.

அன்றுதான் நாற்பத்து மூன்றாவது முயற்சி. நீ கத்தவில்லை, உன்னிடம் அதற்குத் தெம்பு இல்லை. "இஸ்ஸரஹட" என்பதை என் காதுக்குள் மூச்சாகச் சொன்னாய். பத்து மீற்றர். நாலு மீற்றர். திரையில் பூமியின் இருட்டுப் பக்கத்திலிருந்து கலங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டு மீற்றரில் சட்டத்தில் இரண்டு முறை தட்டினாய். நான் கையை எடுத்தேன். கலங்கள் தாமாகவே கொஞ்சம் இழுபட்டு, ஒரு முறை ஆடி, ஒன்றாகிவிட்டன. நான் கத்த வாயைத் திறந்தேன். அடுப்படியில் உன் அம்மாவுக்குக் கேட்கும் என்று என் வாயைப் பொத்தினாய். குளிசையின் வேகம் அடங்கி, உன் உள்ளங்கை திரும்ப நெருப்பாக இருந்தது. அந்தச் சூட்டோடு நான் சந்தோசப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

திங்கள் இரவு காய்ச்சலை மறைக்க முடியாமல் போனது. செவ்வாய்க்கிழமை என் அப்பாவின் த்ரீவீலில் உன்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனோம். நானும் வந்தேன். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் எப்ப தொடங்குச்சு?"

"நேத்து ராத்திரி, டொக்டர்," என்றார் உன் அம்மா.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

"அப்ப இன்னும் நாளாகல்ல. மூணாம் நாள் ரத்தம் செக் பண்ணிட்டு வாங்க. தண்ணி நெறைய குடுங்க." அவர் கேட்டதற்குச் சரியான பதில் சொல்லியிருந்தால் அன்றே ரத்தம் பார்த்திருப்பார். அன்று நாலாம் நாள். புதன் காய்ச்சல் விட்டது, உன் அம்மா சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தார். வியாழன் விடிய உன் கை கால் சில்லிட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நீ இல்லை. டெங்குக் காய்ச்சல் விடும்போதுதான் ஆளைப் பிடிக்கும் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

நீ ஏன் சொல்லவில்லை? உன் வாய்க்கு என்ன? கண்டக்டர் மாதிரி ஊரைக் கூட்டுகிற வாய், ஒரு சொல், "சனிக்கிழமை" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! என்னை நம்பி இருந்தாயா? நான் பயந்தவள் என்று உனக்குத் தெரியும்தானே? பயந்தவளிடம் ஏன் அதை ஒப்படைத்தாய்?

நான் என்னைத்தான் கேட்கிறேன், தெரியும்.

உன் அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. துக்கம் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் தன் வலது கையை விரித்துக் காட்டுகிறார். "சனிக்கிழமையும் தொட்டுப் பாத்தேன், ஞாயித்துக்கிழமையும் தொட்டுப் பாத்தேன். சூடு தெரியல. பெத்தவளுக்கு இது தெரியலன்னா இது என்னா கை?" முந்தா நாள் கடையில் வைத்து அதே கையைச் சுவரில் அடித்துக்கொண்டார். என் அம்மா ஓடிப்போய்ப் பிடித்தார். நான் பாண் பையோடு நின்றேன்.

சற்றுமுன் உன் கோப்பைத் திறந்தேன். நாற்பத்திரண்டாவது முயற்சிக்குக் கீழே எழுதியிருக்கிறாய்: "சனி. காய்ச்சல். அவ குளிச கொண்டாந்தா. நாளைக்கு எப்படியும் பொருத்துறோம்." அழிக்க ஒரு நொடி போதும். அழிக்கிற கட்டையில் விரலை வைத்தேன். யாருக்கும் தெரியாது. உன் அம்மா நாளைக்கு வந்து உன் படங்களைப் பார்த்து அழுதுவிட்டுப் போவார். நான் பரீட்சை எழுதுவேன், வளர்ந்துவிடுவேன். அவர் சாகும்வரை தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விரலை எடுத்துவிட்டேன். உனக்காக இல்லை, உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். அந்தக் கோபம் இருக்கும்வரைதான் எனக்குத் தைரியம் இருக்கும் போலிருக்கிறது.

எங்கள் அம்மா அடிப்பார். உன் அம்மா என் முகத்தில் முழிக்கவே மாட்டார். லேனில் எல்லோரும் குசுகுசுப்பார்கள். எல்லாம் நடக்கட்டும். நாளைக்கு அவர் வந்ததும் சொல்வதற்கு இரண்டு வரி வைத்திருக்கிறேன். போர்வைக்குள் சத்தமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரிக்கு முன் நின்றுவிடுகிறேன். திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன்.

"ஆன்ட்டி, ஒங்க கை சரியாத்தான் இருந்துச்சு. குளிச குடுத்தது நான்."